எட்டயபுரம் ஈந்த செல்வம்



கரிசல் நிலத்துச் சிற்றூராகிய எட்டயபுரம் 1882-இல் பாரதியாரைத் தமிழுக்கு ஈந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கிய மண்ணும் அதுவே. இசைமேதை முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்ததும் அவ்வூரிலேதான். அவர்தம் கீர்த்தனைகள் பெரும்பாலும் சீடர் நாவிலும் குடும்பத்தார் நினைவிலுமே வாழ்ந்தன. தம்பி வழிப் பேரரான சுப்பராம தீட்சிதர் முதுமையில் அவற்றைச் சுர தாளக் குறிப்புடன் எழுதினார். சமஸ்தானத்தின் ஆதரவில் 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சேறியது. எழுதியதால் அச்செல்வம் நிலைத்தது.

மான்குர்த்தில் வளரும் நம் குழந்தைகள் தமிழ் பேசுகின்றனர்; ஆனால் பலர் படிக்க அறியார். பேச்சு ஒரு தலைமுறையைத் தாங்கும். எழுத்தே அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்க்கும். ஆதலின் வீடுதோறும் நாள்தோறும் அரைமணி நேரம் அவர்களுக்குத் தமிழெழுத்தைக் கற்பிப்போமாக!