ஓடும் பிள்ளைகளின் எலும்புகள்



இவ்வளவு வெயிலடிக்கும் நாட்டில் விற்றமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். எங்கள் வலைப்பந்தாட்டப் பிள்ளைகள் பயிற்சி செய்வது விடியற்காலையில். சூரியன் தாழ நிற்கும் அந்த நேரத்தில் தோலில் விற்றமினை உண்டாக்கும் கதிர்கள் மிகக் குறைவு. மிச்ச நேரம் வகுப்பறை, பிறகு ரியூசன். கறுத்த தோலுக்கோ கூடுதல் வெயில் வேண்டும். லண்டனில் வளரும் உங்கள் மகள்மாருக்குக் குளிர்கால வெயிலால் பயனில்லை. அங்கே அந்த மாதங்களில் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுக்கச் சொல்கிறார்கள்.

ஓடி ஓடி எலும்பில் விழும் மெல்லிய வெடிப்புகள்தான் என் கவலை. அமெரிக்கக் கடற்படையில் புதிதாய்ச் சேர்ந்த பெண்களுக்கு 2000 மில்லிகிராம் கல்சியமும் 800 அலகு விற்றமின் டியும் கொடுத்தபோது இவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. நல்லதுதான். ஆனால் ஐந்தில் ஒன்றுதானே!

ஆகவே, கீழ்க்காலில் ஒரே இடத்தில் நோகுது என்று ஒரு பிள்ளை வந்தால் நான் முதலில் கேட்பது, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, காலையில் என்ன சாப்பிட்டாய் என்றுதான். வெறும் தேத்தண்ணியோடு ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஓட்டத்துக்கேற்ற சாப்பாடு இல்லாவிட்டால் ஈஸ்ரோஜன் குறையும், மாதவிடாய் நிற்கும், எலும்பு மெலியும். "கடும் பயிற்சி என்றால் அப்படித்தான்" என்பது பிழையான கதை. எலும்புப் பலத்தின் பெரும்பகுதி 20 வயதளவில் சேர்ந்து முடிந்துவிடும்.

தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் வெடிப்புத் தெரியாமலும் போகலாம். படம் சரி என்று அடுத்த நாளே பிள்ளையை மைதானத்தில் இறக்காதீர்கள். மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், போட்டிக் காலம் முடியட்டும் என்று பாராமல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.