வௌவால் வைரஸின் வம்சாவளி

சென்னையின் ராயபுரத்திலும் காசிமேட்டிலும் ரேபிஸ் என்றால் தெருநாய்தான் நினைவுக்கு வரும். சரியான நினைப்பு. உலகில் மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய் மூலமாகத்தான். ஆனால் அந்த வைரஸுக்குப் பங்காளிகள் பல உண்டு. லிசாவைரஸ் என்னும் அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை வௌவால்களிடமே இருக்கின்றன.

அப்படி ஒன்று இலங்கையில் அகப்பட்டது. கண்டிக்கு அருகே கன்னொருவப் பகுதியில் செத்தும் நோயுற்றும் கிடந்த பழந்தின்னி வௌவால்களை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். மூளைத் திசுவைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, வைரஸைப் பற்றும் எதிர்ப்பொருளை ஒளிரும் சாயத்தோடு சேர்த்து நுண்ணோக்கியில் வைத்தால், வைரஸ் இருக்கும் இடமெல்லாம் ஆப்பிள் பச்சையில் மின்னும். சில மூளைகள் மின்னின. நாய் ரேபிஸுக்கும் இதே பச்சைதான், நேயர்களே! அத்தோடு விட்டிருந்தால் வௌவாலுக்கும் ரேபிஸ் என்று எழுதி மூடியிருப்பார்கள்.

அவர்கள் விடவில்லை. வைரஸின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தார்கள். ஏறத்தாழ 12,000 எழுத்துகள், ஐந்தே மரபணுக்கள். வைரஸ் பெருகும்போதெல்லாம் ஓரிரு எழுத்து பிசகும். அந்தப் பிசகு அடுத்த தலைமுறைக்கும் போகும். ஒரே பிசகுகளைச் சுமப்பவை ஒரே மூதாதையின் வழி வந்தவை. இப்படி ஒப்பிட்டபோது, கன்னொருவ வைரஸுக்கு மிக நெருங்கிய உறவாகத் தெரிந்தது நாய் ரேபிஸ் அல்ல. 1996-ல் ஆஸ்திரேலியப் பழந்தின்னி வௌவாலில் கண்டறியப்பட்ட லிசாவைரஸ். கடல் கடந்த உறவு! 2016-ல் வெளியான ஆய்வு, கன்னொருவ என்ற ஊர்ப்பெயரையே புதிய வைரஸுக்குச் சூட்டியது.

கன்னொருவவில் கிடந்த அதே இன வௌவால்தான் தமிழ்நாட்டிலும் வாழ்கிறது. ஆலம்பழம், அத்திப்பழம், திருவொற்றியூர்க் கோயிலின் தலமரமான மகிழத்தின் பழம் எல்லாம் அதற்கு இரை. விதையைத் தொலைவுக்குக் கொண்டுபோய்ப் போடும் பிராணி அது. விரட்டவோ கொல்லவோ வேண்டாம். ஆனால் எச்சரிக்கை வேண்டும். நாகாலாந்து வௌவால்களின் இரத்தத்தில் லிசாவைரஸுக்கான எதிர்ப்பொருளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவன ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆஸ்திரேலியாவில் வௌவால் கடிக்குப் போடுவதும் வழக்கமான ரேபிஸ் தடுப்பூசிதான்.

1903-லேயே கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய ஊர் சென்னை. செத்து விழும் வௌவால்களைத் தொடர்ந்து சோதித்து மரபணுவைப் படிக்கும் வேலை இங்கும் பெருக வேண்டும், நேயர்களே.