மருந்து கலந்த தண்ணீரை வெயில் சுத்தம் செய்யுமா?

(சேவூரில் நடந்த ஊக்குநர், பிரதிநிதிகள் கூட்டத்தில் பேசியது)



சாயத்தண்ணின்னா என்னன்னு நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நொய்யல் கலர் மாறி ஓடினதைப் பார்த்தவங்க நாம. 2011ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்போ வேலையில்லாம உட்கார்ந்தவங்களும் நம்ம வீட்டில் உண்டு. சாயமாவது கண்ணுக்குத் தெரியும். தண்ணீரில் கலக்கிற மாத்திரை மருந்து கண்ணுக்கே தெரியாது.

நாம விழுங்குற மாத்திரை முழுசும் உடம்பில் தங்குறதில்லை. ஒரு பங்கு சிறுநீரில் வெளியே போயிடும். மருந்து கம்பெனிக் கழிவு இன்னும் மோசம். ஐதராபாத் பக்கம் பட்டன்செருவில், சுமார் 90 மருந்து கம்பெனிகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட தண்ணீரை சுவீடன் ஆய்வாளர்கள் சோதித்து 2007ல் வெளியிட்டார்கள். சிப்ரோபிளாக்சசின் மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. அந்த மாத்திரை சாப்பிட்டவர் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம்! சுத்திகரித்த தண்ணீர் இது, கவனிங்க. தண்ணியிலேயே மருந்து இருந்தா கிருமி அதுக்குப் பழகிப்போகும். அப்புறம் நம்ம குழந்தைக்கு நோய் வந்து அதே மருந்தைக் கொடுத்தா கேட்காது. தண்ணியைக் கொதிக்க வெச்சா கிருமி சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

இதுக்கு வெயிலை வெச்சு ஒரு வழி ஆராய்ச்சியில் இருக்குங்க. வெள்ளை பெயிண்டில் சேர்க்கிற டைட்டானியம் டை ஆக்சைடு பொடிதான் அது. ஜப்பானில் புஜிஷிமா, ஹோண்டா என்ற இருவர், ஒளிபட்டால் இந்தப் பொருள் தண்ணீரையே பிரிக்குதுன்னு 1972ல் எழுதினார்கள். அந்த வழியில் போனவங்க இப்போ மருந்தையும் உடைக்கிறாங்க. பொடி மேல புற ஊதா ஒளி பட்டா, தண்ணீரிலிருந்து வீரியமான ஒரு பொருள் கணநேரம் உண்டாகும். அது மருந்தைத் துண்டு துண்டா உடைக்கும். முழுசா உடைஞ்சா பெரும்பாலும் கரியமில வாயுவும் தண்ணீரும்தான் மிஞ்சும். பொடி செலவாகாது. அடுப்பு சோத்தை வேக வைக்கும், தான் வேகாதில்லையா, அப்படி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதுக்கு வினையூக்கின்னு பேர். நம்ம குழு ஊக்குநர் மாதிரின்னு வெச்சுக்கங்க!

ஆனா வெயிலில் புற ஊதா 100க்கு 5 பங்குதான். கலங்கல் தண்ணியில் ஒளி உள்ளே இறங்காது. பொடியைத் திரும்ப வடிச்செடுக்கணும். பாதி உடைஞ்ச துண்டு சில நேரம் பழைய மருந்தைவிடக் கெடுதல். நம்ம கிணத்து உப்பை இது தொடவே தொடாது. அதனால வெயில் பில்டர்னு யாராவது விற்க வந்தா குழுக் கடன் போட்டு வாங்காதீங்க. இந்த முறைக்கு ஏத்த இடம் கம்பெனி, ஆஸ்பத்திரிக் கழிவு வெளியேறும் வாய்தான்.

கழிவுத் தண்ணியில் நோய்க்கிருமி மருந்து இவ்வளவுதான் இருக்கலாம்னு மத்திய அரசு 2020ல் வரைவு போட்டது. 2021ல் வந்த இறுதி விதியில் அந்த அளவுகளைக் காணோம். எனக்கு இதுதான் பொடியைவிடப் பெரிய விஷயமாப் படுது.

மிச்ச மாத்திரையைக் கக்கூஸிலோ வாய்க்காலிலோ போடாதீங்க. அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கிராம சுகாதாரச் செவிலியரைக் கூப்பிட்டிருக்கோம். வீட்டில் கிடக்கிற மாத்திரை அட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க, எது தேதி முடிஞ்சது, எங்கே கொடுக்கணும்னு கேட்டுக்கலாம்.