கல்லுக்கு இருக்கிற படம்

(இரட்டைமலை சீனிவாசன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2022இல் இந்தியத் தொல்லியல் துறை, ஒரகடத்துக்குப் பக்கத்தில் உள்ள வடக்குப்பட்டில் அகழாய்வு செய்தது. கற்கால மனிதர் செதுக்கிய கருவிகள் வெளிவந்தன. இப்படிக் கிடைக்கும் கல்லைக் கழுவி, எண் எழுதி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுப்பது தொல்லியலின் முறை. எந்தக் குழி, எத்தனை ஆழம் என்ற குறிப்பும் படத்தோடு போகும். நல்ல முறைதான். அதில் எங்களுக்குக் குறை இல்லை. அதே மண்ணில் வாழ்ந்துகொண்டிருக்கிற மனிதருக்கு அந்த மரியாதை கிடைத்ததா என்பதுதான் எங்கள் கேள்வி.

அதே 2022 ஜூலையில் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. அதற்கு எட்டு ஆண்டுக்கு முன், 2014 நவம்பர் 1ஆம் தேதி, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றது. அடுத்த மாதமே அங்கிருந்த ஃபாக்ஸ்கானும் நிறுத்தியது. 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலையில் கோடிக்கணக்கான கைப்பேசிகள் செய்யப்பட்டன. செய்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பையோ ஐ.டி.ஐ.யையோ முடித்துவிட்டு நேராக வேலைக்கு வந்த இளம்பெண்கள். கேமரா உள்ள கைப்பேசி வீடுவீடாக நுழைந்த காலம் அது. அந்தக் கேமராவைப் பொருத்திய கைகளுக்கு, அந்தக் கைகள் வேலை செய்கிற ஒரு படம் இல்லை. இந்த வட்டாரத்து ஆலைகள் பலவற்றில் சொந்தக் கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

மூடிய ஆலையைப் படமெடுப்பவர்கள் உலகம் முழுக்க ஒரே மாதிரி எடுக்கிறார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைப் பற்றிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த இரும்பு, கூரையைப் பிளந்து வளர்ந்த மரம். ஆள் இருக்கமாட்டார். அந்த முறை இங்கே செல்லாது. இங்கே ஆலைகள் அப்படித் துருப்பிடிப்பதில்லை. நோக்கியா விட்டுப்போன இடத்துக்கு சால்காம்ப் வந்தது. ஃபாக்ஸ்கான் சில ஆண்டில் திரும்பி வந்து இன்று ஐபோன் செய்கிறது. கட்டடத்துக்கு வெள்ளையடித்துப் பலகையை மாற்றினால் போதும். 19 வயதில் உள்ளே போய் 27 வயதில் வெளியே அனுப்பப்பட்ட பெண்ணை மட்டும் மாற்றி எடுத்துக்கொள்ள யாரும் வருவதில்லை. புதுப் பலகைக்குக் கீழே புதிதாக 19 வயதுப் பெண்கள் நிற்கிறார்கள். ஆகவே வீழ்ச்சியைப் படமெடுக்க வேண்டுமானால் ஆலை வாசலில் நின்று பயனில்லை. காலனித் தெருவுக்குள் போக வேண்டும்.

அப்படித்தான் நாங்கள் நான்கைந்து பேர் வடக்குப்பட்டு, ஒரகடம் பக்கத்து ஊர்களில் வீடுவீடாகப் போனோம். எங்களுக்கு முன்னால் இந்தத் தெருக்களுக்குப் படம் பிடிக்கும் கண் வந்த விதத்தையும் நினைத்துக்கொண்டேதான் போனோம். 1868 முதல் வெள்ளை அரசு 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகளில் சாதி சாதியாக மனிதர்களை நிறுத்திப் படம் போட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நம்மவர் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் அவருடைய ஏழு தொகுதிகள் வந்தன. அங்கேயும் அளவுகோல் இருந்தது. மனிதருடைய பெயர்தான் பெரும்பாலும் இல்லை. இதே செங்கல்பட்டுச் சீமையில், மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலையார் 1893இல் சொந்தமாகப் பத்திரிகை தொடங்கி, இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே அதற்குத் தலைப்பாக வைத்தார். நம்மைப் பற்றி நாமே அச்சிட வேண்டும் என்ற முடிவு அது. எழுத்தில் அவர் அன்று செய்ததைப் படத்தில் நாம் இன்னும் முழுதாகச் செய்யவில்லை.

செய்தவர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் பிராடாக் என்ற எஃகு ஊர். 1875இல் கார்னகியின் ஆலை தொடங்கிய இடம். ஊர் வரலாற்றில் கறுப்பினத் தொழிலாளர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே பிறந்த லடோயா ரூபி ஃப்ரேசியர், தன் பாட்டியையும் தாயையும் தன்னையும் ஆண்டுக்கணக்கில் படமெடுத்து 2014இல் நூலாக்கினார். நோக்கியா மூடிய அதே ஆண்டு. அதில் தாயும் கேமராவை வாங்கி மகளை எடுத்திருக்கிறார். எங்களுக்கு அந்த நூலில் மிகவும் பிடித்தது இதுதான். இங்கே மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் பழனிக்குமார், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைப் பல ஆண்டுகளாகப் படமெடுக்கிறார். அதோடு நிற்காமல் தூய்மைப் பணியாளர் பிள்ளைகளின் கையிலும் கேமராவைக் கொடுத்தார்.

இவ்வளவும் தெரிந்துதான் போனோம். போயும் தவறு செய்தோம். ஓர் உதிரிபாக ஆலையில் ஏழு ஆண்டு வேலை பார்த்து, ஆலை மூடியபின் வீட்டு வேலைக்குப் போகிற ஓர் அக்கா. அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், கீழே பார்க்கச் சொல்லி எடுத்தோம். படம் அழகாக வந்தது. காட்டினோம். "இன்னா தம்பி, எழவு வூட்ல குந்தினு இருக்கற மாரி எடுத்துக்கினு வந்துட்டீங்க" என்றார். நாங்கள் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கினோம். அவர் கேட்கவில்லை. "நாங்க எப்பவும் அழுதுனா இருந்தோம்? போனஸ் வந்தா ஸ்டுடியோவுக்குப் போயி போட்டோ புடிச்சிக்கினோம். அதப் போடுங்க" என்று உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். ஆலை கொடுத்த அடையாள அட்டையைக் கணக்கு முடித்த அன்றே திருப்பி வாங்கிக்கொண்டார்களாம். அந்த ஏழு ஆண்டுக்கு அவரிடம் மிச்சம் இருப்பது இந்த ஒரு படம்தான்.

ஆறு பெண்கள். பின்னால் வரைந்த அருவித் திரை. எல்லோரும் ஒரே நிறப் புடவை. தவணை கட்டி எடுத்ததாம். நடுவில் இருப்பவர் ஒரு கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். "யார்கிட்டயும் பேசல, சும்மாதான்" என்றார் அக்கா. ஆறு பேரில் நான்கு பேர் காலனி, இரண்டு பேர் ஊர்த்தெரு. ஊரில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்க முடியாத பெண்கள், ஆலை கேன்டீனில் பாத்திரம் மாற்றிச் சாப்பிட்டவர்கள். ஆலை மூடியதும் அந்த இருவரும் காலனிப் பக்கம் வருவது நின்றுபோனது. இதை எந்தத் தொழில் கொள்கை அறிக்கையும் இழப்புக் கணக்கில் எழுதாது. நாங்கள் எடுத்த அழகான படத்திலும் அது இல்லை.

போராட்டத்தின் முகங்கள் நம்மிடம் இருக்கின்றன. 1994 அக்டோபர் 10 அன்று பஞ்சமி நிலப் போராட்டத்தில் செங்கல்பட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். 2024 செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. அவர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்த படங்கள் எல்லோர் கைப்பேசியிலும் ஓடின. ஆலைக்கு வெளியே கேமராவுக்குத் தடையில்லை. இல்லாதது வேலை நாள்களின் படம்: மூன்றாம் ஷிஃப்ட் பேருந்து, விடுதிக் கட்டில், தீபாவளி போனஸ்.

திண்ணைப் படத்தை நாங்கள் அழித்துவிட்டோம். அழித்தது சரியா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை உண்டு. ஸ்டுடியோ படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு அசலை அன்றே திருப்பிக் கொடுத்தோம். அதன் பின்புறம் பேனாவால் ஆறு பெயர் எழுதியிருந்தது. மழையில் நனைந்து இரண்டு பெயர் கரைந்துவிட்டது. ஒன்றை அக்கா நினைவிலிருந்து சொன்னார். இன்னொன்று, இடது ஓரத்தில் நிற்கும் பெண், ஊர்த்தெருப் பிள்ளை, பெயர் வாயில் வரவில்லை என்றார். அந்தத் தெருவில் போய்க் கேட்பதாகச் சொல்லியிருக்கிறோம்.

வாலாஜாபாத், படப்பை, சுங்குவார்சத்திரம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் மாணவர்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள். பின்புறத்தையும் சேர்த்தே பிரதி எடுப்போம்.