ஈரமா, சூடா?
(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்வி பற்றிப் பேசக் கூப்பிட்டால் இட ஒதுக்கீடு, உதவித்தொகை, விடுதிச் சோறு என்று பேசுவோம். மூன்றும் இன்னும் தீராத பிரச்சினைகள், பேசத்தான் வேண்டும். இன்னிக்கு நான் வகுப்பறைக்குள்ளே போகலாம்னு பார்க்கிறேன். ஒன்பதாவது, பத்தாவது அறிவியல் பாடத்தில் நம்ம பிள்ளைகள் யோசிக்கிறார்களா? யோசித்தால் அதற்கு மார்க் உண்டா?

கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள். வரையறு, கூறுக, வேறுபடுத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக. பத்தாவதில் எழுத்துக்கு 75, செய்முறைக்கு 25. அந்தச் செய்முறையிலும் எதைச் செய்யணும், கடைசியில் என்ன வரணும் என்பது முன்கூட்டியே எழுதியிருக்கிறது. இப்போதைய பாடநூலில் 'உயர் சிந்தனை வினாக்கள்' என்று ஒரு பகுதி போட்டிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கைடு போடுகிறவன் அதுக்கும் விடை அச்சடிச்சு வித்துடறான். விடை மனப்பாடமான நிமிஷமே அது சிந்தனை வினா இல்லை, இன்னொரு 'கூறுக'.

ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பிப்பதையே அறிவு என்று வைத்துக்கொண்ட மரபு நம் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. நாம் காதால் கேட்பதே குற்றம் என்று சொன்னதும் அதே மரபுதான். இதை மறந்துவிட்டுத் தேர்வுச் சீர்திருத்தம் பேச முடியாது.

எங்கள் தெரு மாலை வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். கலைக்குழுப் பையன்கள் பறையை வைக்கோல் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். (பறை நம்மேல் சுமத்தப்பட்ட தொழில், அதைப் படிப்புக்குள் கொண்டுவரலாமா என்று சில தோழர்கள் கேட்பார்கள். இழவு வீட்டுக்கு அடிக்கிற வேலையை விட்டொழிக்கணும் என்பதில் எனக்கு ரெண்டு கருத்து இல்லை. அந்த விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.) காய்ச்சினால் சத்தம் ஏன் கணீர்னு ஏறுதுன்னு கேட்டேன். ஒருத்தன் பட்டென்று புத்தகத்தைச் சொன்னான்: சூடானா எல்லாம் விரியும். இன்னொருத்தன் மடக்கினான், "விரிஞ்சா தோல் தொய்யணும்ல, சத்தம் எறங்கணும்ல? இங்க ஏறுதே?" புத்தகத்து விதியும் கையில் இருக்கிற பறையும் மோதிக்கொண்டன. அறிவியல் தொடங்குகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஈரம் போறதாலதான்னு ஒரு பிள்ளை சொன்னாள். எப்படிச் சோதிப்பது? தீ இல்லாம வெயில்ல காய வைப்போம்னு ஒருத்தன் சொன்னான். மூலையில் இருந்த ஒன்பதாவது படிக்கிற பெண், "வெயில்லயும் சூடு இருக்கே. அப்ப எதுனால ஏறுச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றாள். கடைசியில் ஈரத்துணியால் தோலைத் துடைத்து, சத்தம் மந்தமானதும் நிழலில் மின்விசிறிக் காற்றில் வைத்தார்கள். மெல்ல மெல்ல ஏறியது. ஈரம் போகப் போகத் தோல் இறுகுது, இறுக இறுக அதிர்வெண் கூடுது.

ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை என்பது ஆய்வுக்கூடத்தின் அடிப்படை விதி. அந்தப் பெண் அதைத் தானாகக் கண்டுபிடித்தாள். காலாண்டுத் தேர்வில் அறிவியலில் அவள் எடுத்தது 28. பள்ளிக்கூடம் எதை அளக்குது, எதை விடுதுன்னு யோசிச்சுப் பாருங்க.

நான் இப்போது மார்க் போடுகிற விதத்தைச் சொல்கிறேன். விடை தப்பாக இருந்தாலும் காரணம் ஒழுங்காக இருந்தால் பாதிக்கு மேல் உண்டு. வெயில் என்று சொன்ன பையனுக்கும் உண்டு, ஏன்னா ஆட்சேபம் வந்ததும் அவன் தன் யோசனையை மாற்றிக்கொண்டான். புத்தக வாக்கியத்தை மட்டும் எழுதினால் மார்க் இல்லை. முக்கியமானது, சேரி மொழியில் எழுதினாலோ வாயால் சொன்னாலோ ஒரு மார்க்கும் குறையாது. 'ஏனெனில்' என்று எழுதினால் காரணம், 'ஏன்னா' என்று எழுதினால் கொச்சையா? நம்ம பிள்ளைகளின் யோசனை பாதி இந்த இடத்தில்தான் சிவப்பு மையில் சாகிறது.

இதெல்லாம் பெரிய அளவில் நடக்காது என்பார்கள். மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத்தில் (இப்போது நர்மதாபுரம்) 1972ல் 16 கிராமப்புறப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படித்தார்கள். பரீட்சைக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போகலாம். புத்தகம் திறந்திருக்கும்போது ஒப்பிக்கச் சொல்லிக் கேட்க முடியாதல்லவா, கேள்வி கேட்கிறவர்தான் யோசித்தாக வேண்டும். 1978ல் மாவட்டத்து நடுநிலைப் பள்ளிகள் அத்தனைக்கும் பரவியது. 2002ல் அரசே மூடியது. முப்பது வருஷம் நடந்ததை நடக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1905ல் பாரீசில் ஆல்ஃபிரெட் பினே சோதனை ஒன்றை உருவாக்கியது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்க. அமெரிக்காவுக்குப் போனதும் அது பிறவி அறிவை அளக்கும் தராசாக்கப்பட்டு, கறுப்பரையும் குடியேறிகளையும் மட்டம் தட்டப் பயன்பட்டது. 1990ல் மண்டலை எதிர்த்துத் தெருவுக்கு வந்த 'தகுதி, திறமை' கோஷத்துக்கு அதுவும் ஒரு பங்காளிதான். ஆகவே சிந்தனைத் திறன் அளக்கிறோம் என்று இன்னொரு நுழைவுத் தேர்வு வந்தால் நாம் எதிர்க்க வேண்டும். அளப்பது, வாத்தியார் நாளைக்கு எதைச் சொல்லிக் கொடுக்கணும்னு தெரிஞ்சுக்க. பிள்ளையை வெளியே தள்ள அல்ல.

எங்கள் வகுப்பில் இப்போது தண்ணீரை எடுத்திருக்கிறார்கள். 2022ல் வேங்கைவயல் தொட்டியில் மலம் கலந்த செய்திக்குப் பிறகு பிள்ளைகள் தண்ணீர் பற்றி நிறையக் கேட்கிறார்கள். நம்ம தெருக் குழாய்த் தண்ணீரும் ஊர்த்தெருக் குழாய்த் தண்ணீரும் ஒன்றுதானா? ஒரே நேரத்தில் பிடிக்கணும், ஒரே அளவு, ஒரே மாதிரிப் பாத்திரம், வற்றக் காய்ச்சி அடியில் படியும் உப்பை எடை போடணும் என்று திட்டம் போட்டாகிவிட்டது. எல்லாம் அவர்களே எழுதியது. ஊர்த்தெருக் குழாயில் யார் போய்த் தண்ணி பிடிக்கிறது என்பதில் இரண்டு வாரமாகப் பேச்சு நடக்கிறது.