சுங்கச் சோதனையும் பயணியின் உரிமையும்

தீர்வைக்குரிய பொருள் இல்லாதோருக்கான பச்சை வழியில் செல்லும் பயணி, திருச்சி விமான நிலையத்திலோ சென்னை விமான நிலையத்திலோ சோதனைக்காகத் தனியறைக்கு அழைக்கப்படும்போது கலங்குவது இயல்பே என்றாலும், அந்த அறையிலும் சட்டம் அவருக்குத் துணை நிற்கிறது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 102ஆம் பிரிவு, உடற்சோதனைக்கு உட்படவிருப்பவர் கோரினால், அவரை அருகிலுள்ள நடுவரிடமோ, நியமனம் அரசிதழில் வெளியாகும் நிலையிலுள்ள சுங்க அதிகாரியிடமோ வீண் தாமதமின்றி அழைத்துச் செல்ல வேண்டும் என்றும், சோதனைக்குப் போதிய காரணம் இல்லையெனக் கண்டால் அந்த நடுவரோ அதிகாரியோ அவரை உடனே விடுவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும் உரிமை இது என்பதால், வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பும் தொழிலாளர் ஒவ்வொருவரும் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும். சோதனைக்கு இரண்டு சாட்சிகளேனும் உடனிருக்க வேண்டும். பெண்ணைப் பெண் மட்டுமே சோதிக்கலாம்.