கினிப்பன்றியின் முடி உதிர்கிறதா, கடிபடுகிறதா?



பிள்ளைகளின் ஆசைக்காக வீட்டில் கினிப்பன்றி வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். பெயரில்தான் பன்றி. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியிலிருந்து வந்த கொறிக்கும் பிராணி இது. முழு வளர்ச்சியில் ஏறக்குறைய ஒரு கிலோ எடைதான் இருக்கும்.

இதை வளர்ப்பவர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு. "நல்லாத்தான் தின்னுது, ஓடுது. முதுகுல மட்டும் முடி திட்டுத் திட்டாப் போகுதுங்க. மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தைக் கலந்து தெளிச்சிடலாமா?" என்பார்கள். தயவுசெய்து தெளிக்காதீர்கள். இது உடம்பை நக்கி நக்கிச் சுத்தம் செய்கிற பிராணி. மேலே பட்ட மருந்து வயிற்றுக்குள் போய்விடும். முடிக்கு வைத்தியம் பார்க்கப் போய் உயிரையே இழக்க நேரிடும்.

முதலில் அதை நல்ல வெளிச்சத்தில் மடியில் வைத்து, முடியை விலக்கிப் பாருங்கள். முடி வேரோடு போகாமல், கத்தரித்தாற்போல் குட்டையாக நிற்கிறதா? அடியில் தோல் செதில், சிவப்பு, புண் எதுவுமில்லாமல் சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் பல்லின் வேலை. காதுக்குப் பின்னால் சிறிய வழுக்கை இருப்பது இயற்கை. அதற்குக் கவலை வேண்டாம்.

கடிப்பது யார்? தலையிலும் கழுத்திலும் முடி போயிருந்தால், அங்கே அதன் வாய் எட்டாது, கூட்டாளிதான் கடிக்கிறது. கூண்டில் மற்றவற்றுக்கெல்லாம் முடி குறைந்து, ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தால் கத்தரிக்கோல் அதனிடம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கூண்டில் பெரியதனம் செய்கிற பிராணி, அடங்கியதன் முடியை மேயும். சில சமயம் குட்டிகள் தாயின் முடியையே கடிக்கும். தலை முழுசாக இருந்து, விலாவும் வயிறும் மட்டும் குட்டையானால், அது தன் முடியைத் தானே கடிக்கக்கூடும்.

ஏன் கடிக்கிறது? இடநெருக்கடி, வேலையில்லாத வாய், நார்ச்சத்துக் குறைவு ஆகியவைதான் முக்கியக் காரணங்கள். இதன் பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் பூரா புல்லை அரைக்க வேண்டிய வாய் இது. பெல்லட் தீவனத்தை மட்டும் போட்டால் சீக்கிரம் தின்றுவிட்டு, மீதி நேரம் பக்கத்தில் இருப்பதன் முடியைப் பார்க்கும்.

ஆகவே காய்ந்த புல் இரவும் பகலும் தீராமல் இருக்கட்டும். பூஞ்சணம் பிடித்தது கூடாது. மருந்து அடிக்காத அருகம்புல்லும் கொடுக்கலாம். இரண்டு உருப்படிக்கு 7½ சதுர அடிக்குக் குறையாத இடம் வேண்டும். ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு அட்டைப்பெட்டி வையுங்கள். இரண்டு பக்கமும் வாசல் இருந்தால், துரத்தப்படுவது தப்பி ஓடலாம். தீவனத் தட்டையும் தண்ணீரையும் இரண்டு இடத்தில் வையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால், கடிப்பதைக் கம்பி வலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் விடுங்கள். ஒன்றையொன்று பார்க்கட்டும், அடியோடு தனிமைப்படுத்த வேண்டாம். குட்டிகளை 3 வாரத்தில் தாயிடமிருந்து பிரித்து, ஆண், பெண் தனித்தனியே விடுங்கள்.

வைட்டமின் சி சத்தையும் மறக்கக் கூடாது. நம்மைப் போலவே இதன் உடம்பும் அதைத் தயாரிக்காது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். குறைந்தால் மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் வரும், முடியும் முரடாகும். குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லித் தழை கொடுங்கள். கொய்யா ஒரு சிறு துண்டு போதும். தீவன மூட்டையில் தயாரித்த தேதியைப் பாருங்கள். 3 மாதம் கடந்தால் அதிலுள்ள வைட்டமின் சி-யை நம்ப முடியாது.

எல்லா முடிக் குறைவும் கடியால் வருவதில்லை. விடாமல் சொறிந்து, தொட்டாலே துடித்தால், தோலைத் துளைக்கும் நுண்ணிய சொறிப்பூச்சி இருக்கலாம். மூக்கு, கண், காது ஓரங்களில் செதிலோடு முடி போனால் படர்தாமரையாக இருக்கலாம். அது தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். வயதான பெண் பிராணிக்கு அரிப்பில்லாமல் இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி போனால், சூலகத்தில் நீர்க்கட்டி இருக்கலாம். அடிவயிற்றையே கடித்து, சிறுநீர் கழிக்கும்போது கத்தினால் உள்ளே கல் இருக்கக்கூடும். இவற்றுக்கெல்லாம் கை வைத்தியம் பார்க்காதீர்கள். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பல்லால் போன முடி, கடிப்பது நின்றால் சில வாரங்களில் தானே வளர்ந்துவிடும். அதற்குத் தேவை மருந்துப் புட்டி அல்ல. வாய் நிறையப் புல், ஓடியாட இடம், ஒளிய ஒரு மூலை, இவை போதும்.